ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பிறகு கும்மி

இரவு எட்டரை மணிக்குப் பல்லடம் சாலையில் வீரபாண்டி பிரிவு நிரம்பிவிடும். கம்பெனி வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஆட்களை இறக்கும். டெய்லர், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், கைமடி என்று காலை எட்டரைக்குள் கம்பெனிக்குள் போனவர்கள், பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கையில் டிபன் பையும் தலைமுடியில் பஞ்சுத் தூசியுமாக இறங்குவார்கள். இதற்குத் திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். ஆர்டர் இருக்கும் மாதங்களில் இதுதான் நடைமுறை. ஒரு ஷிப்ட்டோடு வீடு திரும்புகிறவரைப் பார்த்தால், உடம்பு சரியில்லையா என்றுதான் பக்கத்து வீட்டில் கேட்பார்கள்.

இறங்கியவர்களில் பலருக்கு அன்றைய நாள் அத்தோடு முடிந்துவிடும். சிலருக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி இருக்கும். லைன் வீட்டுக்குப் போய் முகம் கழுவி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, ஒன்பது மணிக்குள் ஏதாவதொரு கோயில் திடலுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே மின்கம்பத்து வெளிச்சத்தில் வாத்தியார் பாட்டெடுத்துவிட்டிருப்பார். ஐந்து வயதுக் குழந்தை முதல் பேரன் எடுத்த அம்மாக்கள் வரை வட்டமாக நின்று அடி பழகிக்கொண்டிருப்பார்கள். வள்ளி கும்மிப் பயிற்சி.

திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் கடந்த சில ஆண்டுகளாக இந்தக் காட்சி பெருகியிருக்கிறது. ஒரு ஊரில் பயிற்சி தொடங்கினால் ஓரிரு மாதம் இரவுதோறும் நடக்கும். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அடிகள் கைவந்ததும் ஊர்க் கோயிலில் அரங்கேற்றம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை, பையன்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை. நூற்றுக்கணக்கானவர் ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்ந்து கைதட்டும்போது சாலையில் போகிற லாரி கூட வேகம் குறைத்துப் போகும். அரங்கேற்றம் முடித்த ஊரிலிருந்து சிலர் அடுத்த ஊரில் சொல்லிக்கொடுக்கப் போவார்கள். அரசுத் திட்டமோ பெரிய நிதியோ இல்லாமல் ஊர்விட்டு ஊர் பரவியிருக்கும் கலைக்கல்வி இது. அதுவும் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளர் வாழும் ஊர்களில். இந்த இரண்டாவது விஷயத்தைத்தான் நாம் போதிய அளவு யோசிக்கவில்லை.

கலைவிழா என்றால் நம் கண் தானாகவே 50 கிலோமீட்டர் மேற்கே போகிறது. கோவை பல்கலைக்கழக நகரம். 1971இல் வந்த வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1982இல் வந்த பாரதியார் பல்கலைக்கழகம், அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகம், எண்ண முடியாத கல்லூரிகள். 2008 முதல் அங்கே 'கோயம்புத்தூர் விழா' நடக்கிறது. தெருவை மூடி ஓவியக் காட்சி, இசை, நடைப்பயணம் என்று நகரமே சில நாள் மாறிவிடும். பார்வையாளர்களுக்கும் நேரம் இருக்கிறது, விழா நடத்துகிறவர்களுக்கும் நேரம் இருக்கிறது. குறை சொல்லவில்லை. அப்படியொரு விழா எந்த ஊருக்கும் வேண்டும்.

திருப்பூரில் பல்கலைக்கழகம் இல்லை. சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், வீரபாண்டிக்காரர்கள் தினமும் கடந்துபோகும் பல்லடம் சாலையிலுள்ள எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பனியன் கம்பெனி வருமானத்தில்தான் அந்தக் கல்லூரிகளின் பெரும்பாலான மாணவர்கள் படிக்கிறார்கள். அம்மா செக்கிங்கில் இருப்பார், அண்ணன் கட்டிங்கில் இருப்பான், விடுமுறையில் மாணவியே கைமடிக்குப் போவாள். வீரபாண்டி 2011 வரை தனி ஊராட்சி. அந்த ஆண்டு மாநகராட்சி விரிந்தபோது ஆண்டிபாளையம், முருகம்பாளையம் போன்ற ஊர்களோடு சேர்ந்து உள்ளே வந்தது. கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் அவற்றின் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தன. தேனியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அரங்கம் மட்டும் வரவில்லை. இருந்த கோயில் திடல்தான் இன்னும் அரங்கம்.

அந்தத் திடலில் ஆடப்படும் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் வேடனாக வருகிறான். அவள் தகப்பன் நம்பிராஜன் வரவும் வேங்கை மரமாக நிற்கிறான். கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்துகிறான். கடைசியில் கல்யாணம். கொங்கு நாட்டுக்கு இந்தக் கதை தூரத்துப் புராணமல்ல. காங்கயத்துக்குப் பக்கத்துச் சிவன்மலையை வள்ளி கல்யாணத்தோடு சேர்த்தே ஊர் பேசும். தைப்பூசத்துக்கு அங்கே தேர் ஓடும்போது திருப்பூர்க் கம்பெனிகளில் பாதி டேபிள் காலியாக இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தக் கும்மியை ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களை வட்டத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதலாமவராகச் சொல்லப்படுபவர் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன். வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர். 2024இல், 87 வயதில், பத்மஸ்ரீ பெற்றார். ஊரார் முகம் சுளித்த காலத்தில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததுதான் அவருடைய பெரிய காரியம். இன்று திடல்களில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்றால் அதற்கு அந்த ஒரு முடிவு பெருங்காரணம். மரபை மீறியவரால்தான் மரபு பிழைத்தது என்பதை, மரபின் பெயரால் கதவை மூடப் பார்க்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேரம் யாருடையது?

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை சில ஆண்டுகளுக்கு முன் 25 இடங்களில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழும் உண்டு. நல்ல திட்டம். பறை, ஒயில், கரகம் என்று கற்றவர்கள் கையில் ஒரு பல்கலைக்கழகத் தாள் இருப்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் வகுப்பு நேரம் வெள்ளி, சனிக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணி வரை. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் எவரும் அந்த நேரத்துக்கு வர முடியாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத்தான் டீ வரும். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்கும் நேரம். மாணவர்களை மனதில் வைத்து வகுத்த நேரம் இது. தொழிலாளியும் கற்க வருவார் என்று யாராவது நினைத்திருந்தால் ஞாயிறு காலை என்று எழுதியிருப்பார்கள்.

நேரத்துக்காக இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலிப் போராட்டமாகத்தான் அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆனால் கூலியும் நேரமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் ஓடினால் யாரும் ஒன்றரை ஷிப்ட் கேட்கப்போவதில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். மாநிலம் முழுவதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. திருப்பூரில் அன்றைக்கும் பல கம்பெனிகளின் வேன் எட்டரை மணிக்குத்தான் ஆட்களை இறக்கியது.

வேலையில்லாத நேரம் எல்லாம் ஓய்வாகிவிடாது என்பதும் இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது கை நிறைய நேரம் இருந்தது. ஆட்டத்துக்கு யார் இருந்தார்கள்? மூட்டை கட்டி ஊருக்கு ரயிலேறினார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோதும் ஆர்டர் குறைந்து ஷிப்ட் குறைந்தது. அரை ஷிப்ட் போன மாலைகளில் ஜனங்கள் மளிகைக் கடன் கணக்குதான் பார்த்தார்கள். சம்பளத்தோடு கிடைக்கும் ஓய்வுதான் கலைக்கு வேண்டியது. வாரத்தில் ஒரே ஒரு நாள், புதனோ வியாழனோ, ஒரு ஷிப்ட்டோடு எல்லாக் கம்பெனியும் ஆளை விடட்டும். கூலியில் கை வைக்காமல் விடட்டும். ஆண்டுக்குப் பல்லாயிரம் கோடிக்கு ஏற்றுமதி செய்யும் தொழிலுக்கு இது முடியாத காரியமல்ல.

தொழிலாளர்கள் தங்கள் கலைக்கென ஒரு நாளை எடுத்துக்கொண்ட ஊரும் உண்டு. இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் என்றொரு நகரம் இருக்கிறது. பெரிய தேவாலயமும், 1832இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் உள்ள ஊர். அதைச் சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. 1871 முதல் சுரங்கத் தொழிலாளர்கள் கோடையில் ஒரு நாள் அந்தப் பல்கலைக்கழக நகரத்துக்குள் ஊர்வலமாக வருகிறார்கள். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பித்தளை வாத்தியக் குழு, சித்திரம் தீட்டிய ஒரு பட்டுப் பதாகை. குறுகிய தெருக்களில் வாசித்துக்கொண்டே திடலுக்குப் போவார்கள். தேவாலயத்துக்குள்ளும் பதாகையும் வாத்தியமும் நுழையும். அந்த வாத்தியங்களைத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகை போட்டுப் பராமரித்தார்கள். 1990களில் சுரங்கங்கள் அடியோடு மூடப்பட்டன. ஊர்வலம் நிற்கவில்லை. இன்றும் ஜூலை மாதம் நடக்கிறது, பேராசிரியர்களும் மாணவர்களும் தெருவோரம் நின்று பார்க்கிறார்கள். கலையைக் கொண்டுவருவது சுரங்கத்து ஊர், பார்க்க நிற்பது பல்கலைக்கழகம். தொழிற்சங்கத்தின் கூட்டு வலு இருந்ததால் அது முடிந்தது. வீரபாண்டியின் கும்மிக் குழு ஒருநாள் மருதமலை அடிவாரத்தில் பாரதியார் பல்கலைக்கழகத்து மைதானத்தில் ஆட வேண்டும், பட்டமளிப்பு விழாவின் இடைவேளைக்காக அல்ல, முழு மாலைக்கு. அந்த ஆசையை டர்ஹம் தருகிறது.

ஓலப்பாளையத்து ஒலிநாடா

பல்கலைக்கழகம் இந்த மண்ணுக்கு வந்த கதையும் ஒன்று உண்டு. 1960களின் நடுவில், ஆக்ஸ்ஃபோர்டில் மானுடவியல் படித்துக்கொண்டிருந்த பிரெண்டா பெக் காங்கயம் பக்கம் ஓலப்பாளையம் என்ற சிற்றூரில் வந்து தங்கினார். அன்று கோவை மாவட்டம், இன்று திருப்பூர் மாவட்டம். ஊரின் சாதி அமைப்பை ஆராய வந்தவர் காதில் உடுக்கைப் பாட்டு விழுந்தது. அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி. ஒரே இரவில் பாடி முடிக்க முடியாது. 1965இல் இரவு இரவாகப் பாடகர்கள் பாட, சுற்றி ஊர்ஜனம் உட்கார்ந்து கேட்க, அவர் ஒலிநாடாவில் பதிவு செய்தார்.

அந்தப் பதிவு அவர் வாழ்க்கையையே எடுத்துக்கொண்டது. 1972இல் கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவரது நூல் வந்தது. 1982இல் அண்ணன்மார் கதையைப் பற்றிய ஆய்வு நூல். 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம், பாடியபடியே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டது. பிறகு அதையே 26 பகுதி அசைபடத் தொடராகவும் ஆக்கினார். அவர் சேகரித்தவை இன்று டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இங்கேயும் சக்திக்கனல் போன்றவர்கள் அந்தக் கதையைத் தேடிப் பதிப்பித்தார்கள், அந்த உழைப்பும் சிறியதல்ல. ஆனாலும் ஒன்றை நினைத்தால் மனம் கனக்கிறது. கனடாவில் ஒரு மாணவர் கணினியைத் தட்டினால் அண்ணன்மார் கதை கிடைக்கிறது. வீரபாண்டியில் பிறந்து வளர்ந்து செக்கிங் டேபிளில் நிற்கும் பெண், தன் பாட்டி விடிய விடியக் கேட்ட அந்தக் கதையை ஒரு முழு இரவு கேட்டதே இல்லை. விடிய விடியக் கேட்டால் காலை எட்டரைக்கு எப்படி நிற்பாள்? உடுக்கைப் பாட்டுக்குக் கேட்பவர் வேண்டும். கேட்பவருக்கு மறுநாள் தூக்கம் வேண்டும். ரசனை குறைந்து போய்விட்டது என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குறைந்தது தூக்கம்.

வள்ளி கும்மி பிழைத்ததற்கும் உடுக்கைப் பாட்டு மெலிந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். கும்மியை ஒன்றரை மணி நேரத்துக்குள் சுருக்க முடிந்தது. எல்லோரும் ஆட முடிந்தது. கைபேசியில் எடுத்து அனுப்ப முடிந்தது. ஷிப்ட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே இருந்த சந்துக்குள் அது நுழைந்துகொண்டது. பெருஞ்சலங்கையாட்டமும் ஒயிலும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலேறி வந்திருக்கின்றன.

எழுத்துக்காரர்களின் திருப்பூர் வேறு வழியில் தாக்குப்பிடித்தது. பின்னல் புக் டிரஸ்ட் நடத்தும் புத்தகத் திருவிழா இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. திருப்பூர் தமிழ்ச் சங்கத்தின் இலக்கிய விருதுகளை வெளியூர் எழுத்தாளர்களும் எதிர்பார்த்திருந்தார்கள். சாயக்கழிவில் நாசமான நொய்யல் ஆற்றை நாவலாக்கிய சுப்ரபாரதிமணியன் இந்த ஊரில் இருந்துகொண்டே 'கனவு' இதழை நடத்தினார். புத்தகத் திருவிழாவின் இரவுக் கூட்டங்களில் கடைசி வரிசையில் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க நின்று கேட்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். எட்டரை மணிக்கு மேல்தான் அவர்கள் வருவார்கள், பேச்சாளர் முடிக்கும் நேரத்தில்.

வட்டத்துக்குள் யார்?

இனி, சொல்லத் தயங்கும் விஷயம். 2024இல் பெருந்துறை அருகே பல்லாயிரம் பெண்கள் ஒரே திடலில் வள்ளி கும்மி ஆடியது உலக சாதனையாக அறிவிக்கப்பட்டது. பார்க்கப் பெருமிதமான காட்சி. ஆனால் கும்மி மேடைகளைச் சாதியும் அரசியலும் சுற்றிக்கொண்டது அதே ஆண்டுகளில்தான். சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்வேன் என்று இளம்பெண்களிடம் மேடையிலேயே உறுதிமொழி வாங்கும் காணொளிகள் பரவின. அதைப் பார்த்து வருந்தியவர்களில் கும்மி ஆடுகிறவர்களே நிறைய உண்டு.

அந்த உறுதிமொழியை எந்தப் பாட்டின் முடிவில் வாங்குகிறார்கள்? வள்ளி கல்யாணப் பாட்டின் முடிவில். மலைக்குறவர் வீட்டில் வளர்ந்த பெண்ணைத் தேடி மலையேறிப் போய், வேஷம் போட்டு, கெஞ்சி, அவளைக் கல்யாணம் முடித்த சாமியின் பாட்டு அது. கதையைப் பாடிக்கொண்டே கதைக்கு எதிராகச் சத்தியம் வாங்குவது முருகனுக்கும் அடுக்காது, வள்ளிக்கும் அடுக்காது. இதே மாவட்டத்தில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, 2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் மாணவர். தலித் இளைஞர். சாதி கடந்து காதலித்து மணந்ததுதான் குற்றம். அந்த ரத்தம் காயாத மண்ணில் கலையின் பெயரால் இப்படியொரு சத்தியம் கேட்பவர்களை ஊர்ப் பெரியவர்கள் எழுந்து தடுத்திருக்க வேண்டும். இனியாவது தடுக்க வேண்டும்.

அண்ணன்மார் கதையிலேயே பொன்னர் சங்கருக்குப் பக்கத்தில் பறையோடு சாம்புவன் நிற்கிறான். அவனில்லாமல் போரும் இல்லை, படுகளமும் இல்லை. கோயில் நோன்பு சாட்டுவதிலிருந்து சாவு வீடு வரை கொங்கு ஊரின் ஒவ்வொரு நாளையும் பறைதான் அறிவித்தது. ஆனால் அடித்தவரை வட்டத்துக்கு வெளியே நிறுத்தினோம். இன்று கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்களிடம் கல்லூரி மாணவர்களும் மென்பொருள் வேலையில் இருப்பவர்களும் சாதி பாராமல் பறை கற்கிறார்கள். பறைக்கு நடந்தது கும்மிக்கும் நடக்க முடியும்.

வட்டத்துக்கு வெளியே நிற்கும் இன்னொரு பெருங்கூட்டம் வடக்கிலிருந்து வந்தவர்கள். 2023 மார்ச் தொடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது திருப்பூர் நடுங்கிப்போனது. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டமும் பயந்து கிளம்பிய கூட்டமும் ஒரே ரயில்களில் ஏறின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. அச்சம் தணிந்தது, வேலை தொடர்ந்தது. ஆனால் ஒரு வதந்தி இத்தனை எளிதாகப் பற்றிக்கொண்டது ஏன்? ஒரே லைன் வீட்டில் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தும் ஒருவர் பண்டிகையில் ஒருவர் கால் வைத்ததில்லை. அவர்கள் அறையில் கைபேசியில் போஜ்புரிப் பாட்டு, நம் திடலில் கும்மிப் பாட்டு. நடுவே ஒரு சுவர். ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண்களுக்கு ஜூமர் தெரியும். அதுவும் கூட்டமாகக் கைகோத்து அடியெடுத்து ஆடும் ஆட்டம்தான். காலடிக் கணக்கு வேறு, உடல் அறிந்த வட்டம் ஒன்றே. அரங்கேற்ற நாளில் அவர்களுக்குக் கால் மணி நேரம் கொடுத்தால் என்ன?

பிள்ளைகள் இதில் நம்மைவிட முன்னால் போய்விட்டார்கள். பள்ளிக் கல்வித் துறை 2022இல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. திருப்பூரின் அரசுப் பள்ளிகளில் இந்தி பேசும், ஒடியா பேசும் வீடுகளின் பிள்ளைகள் படிக்கிறார்கள், ஓரிரு வருடத்தில் கொங்குத் தமிழில் சரளமாகச் சண்டை போடுகிறார்கள், கிராமிய நடனக் குழுவில் மற்ற பிள்ளைகளோடு நின்று ஆடுகிறார்கள். ஒத்திகை பள்ளி நேரத்திலேயே நடப்பதால் யாரும் எட்டரை மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

அவர்கள் இன்னும் நாலைந்து வருடத்தில் வளர்ந்து, அடுத்த பயிற்சி தொடங்கும்போது பெயர் கொடுக்கக் கோயில் திடலுக்கு வருவார்கள். அங்கே ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். பெயர், வயது, சேலை அல்லது சட்டையின் அளவு, கைபேசி எண். அந்த நோட்டில் சாதி, சொந்த ஊர் என்று வேறெந்தக் கோடும் போடத் தேவையில்லை. ஊர்க் கமிட்டி இதை இந்த ஆண்டே கூடிப் பேசி முடிவு செய்யலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.